காற்றுப் பருவமும் கல்லில் எழுதிய ஒப்பந்தமும்

வாணிகம் என்பது வாங்குவோனும் விற்போனும் ஆகிய இருவர் தம்முள் செய்துகொள்ளும் உடன்பாடு என்று பொதுவாகக் கூறுவர். உள்நாட்டில் வாழ்வோர்க்கு அக்கூற்று ஒருவாறு பொருந்தும். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் வாழ்வோர்க்கோ அது முழு உண்மை ஆகாது. அங்கே ஒவ்வோர் உடன்பாட்டிலும் மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் கையொப்பம் இடுவதில்லை; வாக்குக் கொடுப்பதும் இல்லை. ஆயினும் சரக்கு என்று வரும், எவ்வளவு வரும், வருமா வராதா என்பவற்றை முடிவு செய்பவர் அவரே. அவர்தாம் பருவக்காற்று. அந்த மூன்றாமவரால் விளையும் இழப்பை மற்றை இருவருள் யார் ஏற்பது? இவ்வினாவுக்கு ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்னரே, நம் யாழ்ப்பாணத்துத் தீவுகளில், தமிழ் எழுத்தில், கல்லின்மேல் ஒரு விடை பொறிக்கப்பட்டது. அந்த விடையையும் அதனைச் சூழ்ந்த வரலாற்றையுமே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

இந்த வினா பழமையான வினாவாயினும் பழையதாகிப் போன வினா அன்று. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இயற்கை எரிவாயு பல நூறு மைல் நீளமுள்ள குழாய்களின் வழியே வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்து சேர்கின்றது. குளிர்காலத்தில் வீடுகளை வெப்பமாக வைத்திருக்க வாயு மிகுதியாக வேண்டும். வேனிற்காலத்தில் அத்தேவை சுருங்கிவிடும். குழாயின் பருமனோ ஆண்டு முழுவதும் ஒன்றே. ஆகவே வாயு வழங்குவோர் வாடிக்கையாளருடன் இருவகையாக உடன்படுகின்றனர். எக்காலத்தும் தடையின்றித் தருவோம் என்பது ஒரு வகை; அதற்கு விலை கூடுதல். நெருக்கடியான நாள்களில் நிறுத்திக்கொள்ளும் உரிமை எமக்கு உண்டு என்பது மற்றொரு வகை. அதற்கு விலை குறைவு. இரண்டாம் வகையை ஏற்றுக்கொண்ட தொழிற்சாலைக்காரர், வாயு நிற்கும் நாளுக்கென எண்ணெயையோ வேறோர் எரிபொருளையோ தம் முற்றத்திலே வைத்திருத்தல் வேண்டும்.

இவையன்றிச் சேமிப்பு என்பதும் ஒன்றுண்டு. கனடா நாட்டு ஒன்ராறியோ மாகாணத்தில், வெலண்டு என்னும் இடத்தில், 1915ஆம் ஆண்டு, வாயு எடுத்து வறிதான நிலத்தடிப் பாறைக்குள்ளே மீண்டும் வாயுவைச் செலுத்திச் சேமித்துப் பார்த்தனர். இன்று ஐக்கிய அமெரிக்காவில் ஏப்பிரல் முதல் ஒக்டோபர் வரை நிலத்தடிக் கிடங்குகளை நிரப்புவதும், நவம்பர் முதல் மார்ச்சு வரை அவற்றிலிருந்து எடுத்து வழங்குவதும் ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாகிவிட்டன.

ஆக, பருவத்தை எதிர்கொள்ள மனிதர் கண்ட வழிகள் மூன்று. முன்கூட்டிச் சேமித்து வைத்தல் ஒன்று. தடைப்படும் நாளுக்கு மாற்றுப் பொருள் வைத்திருத்தல் மற்றொன்று. இழப்பு நேரின் யாருக்கு எவ்வளவு என்பதை முன்னரே எழுதி வைத்தல் மூன்றாவது. இம்மூன்றும் நம் தீவுகளின் வரலாற்றிலே உள்ளன. மூன்றாவது வழிதான் வியக்கத்தக்க தெளிவுடன் இங்கே விளங்குகின்றது.

முதலில் தீவுகளின் காலநிலையைச் சிறிது நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்கு நீரிணையின் வாயிலில், வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியன பரந்து கிடக்கின்றன. வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் அமைந்ததே ஊர்காவற்றுறை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோழகம் வீசும். அக்காலத்தில் புங்குடுதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட திறந்த கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஐப்பசி பிறந்தபின் வாடை எழும். மழையும் புயலும் அதனோடு கூடி வரும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எதிர்க்கரையிலிருந்த தனுஷ்கோடியை ஓர் இரவில் அழித்த புயலும் இந்த வாடைக்காலத்துப் புயலே. இரு காற்றுகளுக்கும் இடையே பங்குனி, சித்திரை ஆகிய மாதங்களில் கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். இக்கடலில் பாயோட்டியவர் எவரும் இந்த நாட்கணக்கை மீறித் தொழில் செய்ததில்லை.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கின்றது. பொலனறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. அதன் மொழி தமிழ். பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். கல் சிதைந்திருப்பினும் ஆணையின் உட்பொருள் தெளிவாகவே கிடைத்துள்ளது.

அதன் சாரத்தை என் சொற்களில் கூறுகின்றேன். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும். அங்கே அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும். பல துறைகளிலிருந்தும் வணிகர் நம் துறையிலே வந்து கூடவேண்டும். யானையும் குதிரையும் நமக்கு விருப்பமானவை. ஆதலால் அவற்றைக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கை அரச பண்டாரம் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கே உரியது. ஏனைய வாணிகச் சரக்கை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்துபோனால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. இவ்விதி நிலைபெறும் வண்ணம் கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டது என்பதும் அதனுள்ளே கூறப்படுகின்றது. ஊராத்துறை என்று அக்காலத்தில் வழங்கிய துறையே நாம் இன்று ஊர்காவற்றுறை என்று வழங்கும் துறை என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு.

உடைந்த கப்பலில் அரசன் பங்கு கேட்பது நமக்கு இன்று வன்செயலாகத் தோன்றலாம். அக்காலத்து உலக வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாற்றான் இவ்வாணையின் அருமை விளங்கும். ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244–45இல் ஓர் அபய சாசனத்தை நாட்டினான். முன்னைய அரசர்கள் புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கு அனைத்தையும் கவர்ந்துகொண்டனர் என்றும், தான் முறையான சுங்கத்தையன்றி வேறெதனையும் கொள்வதில்லை என்றும் அவன் அதில் அறிவித்தான். இங்கிலாந்திலோ, 1275ஆம் ஆண்டு வெசுட்மினித்தர்ச் சட்டத்தில், உடைந்த கப்பலிலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிருடன் தப்பினால் அதனை உடைந்து ஒதுங்கிய கப்பலாகக் கொண்டு பறிக்கலாகாது என்று விதித்தனர். உரியவனின் உடைமையைக் காக்க அங்கே ஒரு பூனை உயிர்பிழைக்க வேண்டியிருந்தது! ஒதுங்கியதெல்லாம் ஆள்வோனுக்கே என்னும் வழக்கம் பரவியிருந்த உலகில், பாதியும் முக்காலும் உடையவனுக்கே என்று எழுதித் தந்த துறைமுகத்தை எந்த வணிகன் நாடாதிருப்பான்?

இங்கே ஒரு நுட்பத்தை நேயர்கள் கவனித்தல் வேண்டும். விதி எல்லாச் சரக்கையும் ஒரே கண்ணால் நோக்கவில்லை. யானைக்கும் குதிரைக்கும் உடையவன் பங்கு முக்கால், மற்றவற்றுக்கு அரை. அரசனுக்கு எது மிக வேண்டுமோ அதனைக் கொண்டுவருவோனின் இடர்ப்பாடு குறைக்கப்பட்டது. தடையின்றி வழங்கும் வாயுவுக்கு ஒரு விலையும் நிறுத்தத்தக்க வாயுவுக்கு வேறொரு விலையும் வைக்கும் இக்காலத்து வணிகருடைய கணக்கும் ஏறக்குறைய இதுவே.

இவ்வகைச் சலுகைக்கு இன்னும் பழைய சான்று உண்டு. ஆறாம் நூற்றாண்டில் கொசுமாசு என்னும் கிரேக்கர் ஒருவர் ஈழத்து வாணிகத்தைப் பற்றி எழுதியுள்ளார். மன்னன் யானைகளின் உயரத்தை நிலத்திலிருந்து முழக்கணக்கில் அளந்து விலைகொடுத்தான் என்றும், பாரசீகத்திலிருந்து வரும் குதிரைகளை வாங்கி, அவற்றைக் கொண்டுவருவோருக்குச் சுங்கத்தை நீக்கிக் கொடுத்தான் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். ஆகவே குதிரை வணிகருக்குச் சலுகை அளிப்பது பராக்கிரமபாகு புதிதாகக் கண்டதன்று. சலுகையைக் கப்பல் உடையும் நாள்வரை நீட்டியதே அவ்வாணையின் சிறப்பு.

யானை நிறைந்த ஈழநாட்டுக்கு வெளியிலிருந்து யானை வருவானேன் என்று சிலர் வினவலாம். சூளவமிசம் என்னும் பாலி நூல் இதற்கு ஒளி காட்டுகின்றது. இக்காலத்துப் பர்மாவின் கீழ்ப்பகுதியாகிய இராமஞ்ஞ நாட்டுக்கும் பொலனறுவைக்கும் நெடுங்காலமாக நட்பு இருந்தது. யானைகளை இன்ன விலைக்கு விற்பது என்பதும், பரிசில் கொண்டுவரும் கப்பலுக்கு யானை ஒன்று அளிப்பது என்பதும் அந்நட்பின் நிபந்தனைகள். இராமஞ்ஞ மன்னன் திடீரென்று யானையின் விலையைப் பன்மடங்கு உயர்த்தினான், பழைய வழக்கத்தையும் நிறுத்தினான், தூதரையும் துன்புறுத்தினான். ஒப்பந்தத்தை ஒருவனே மாற்றிய இச்செயலே போருக்கு வழிவகுத்ததென அந்நூல் கூறும். 1160களில் பராக்கிரமபாகுவின் மரக்கலங்கள் கீழைக்கடலைக் கடந்து சென்றன. அப்படையெடுப்பில் பணிபுரிந்த தலைவன் ஒருவனுக்கு அளித்த நிலக்கொடையைத் தெவனகலக் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. சென்ற கப்பல்களுட் சில காற்றில் சிக்கி அழிந்தன என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதி. கப்பல் உடைவதன் பொருள் என்னவென்பதை அம்மன்னன் தன் கருவூலத்தின் வாயிலாகவே அறிந்திருந்தான் என்று கருத இடமுண்டு.

போருக்கு யானை வேண்டியிருந்தது என்பதிலும் ஐயமில்லை. பாண்டிநாட்டு அரசுரிமைப் பூசலில் பராக்கிரமபாகு தலையிட்டான். சோழர் மறுபக்கம் நின்றனர். சோழமன்னன் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஈழத்தரசன் ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களில் படைகளைச் சேர்த்து மரக்கலங்களையும் கட்டுவிப்பதாகச் செய்தி வந்ததென்றும், அவற்றுக்கெதிராகச் சோழர் தரப்பினர் படை அனுப்பி யானைகளைக் கைக்கொண்டனர் என்றும் கூறுகின்றது. நயினாதீவுக் கல்லில் வணிகரை அழைத்த அதே ஊராத்துறை, எதிரியின் கல்வெட்டில் போர்க்கலத் துறையாகக் காட்சி தருகின்றது.

வணிகர் உண்மையில் வந்தனரா? வந்தனர் என்பதற்கு மண்ணே சான்று பகர்கின்றது. வேலணைத் தீவின் கிழக்கிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டு சீனத்து மட்கலங்களின் தொகுதியொன்று வெளிப்பட்டது. சீனத்தை வட சுங் மரபினர் ஆண்ட காலத்தவை அவை. 2018ஆம் ஆண்டு இலங்கை, சீன ஆய்வாளர் கூடி அங்கே மீண்டும் அகழ்ந்தனர். பராக்கிரமபாகுவின் ஆணைக்கு முன்னரே இக்கடல்வழி நெடுந்தொலை வணிகருக்குப் பழகிய வழியாக இருந்தது என்பதை அவை உணர்த்துகின்றன.

நூற்றாண்டுகள் சில கடந்தன. யானை வாணிகத்தின் திசையும் இப்போது மாறியது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசரும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் ஈழத்து யானைகளை ஏற்றுமதி செய்து பெரும்பொருள் ஈட்டினர். வன்னியிலும் தென்னிலங்கையிலும் பிடிபட்ட யானைகள் தரைவழியே நடத்திவரப்பட்டன. அவை குடாநாட்டுக்குள் நுழைந்த ஆழமற்ற கடல்வழி இன்றும் ஆனையிறவு என்றே பெயர் தாங்கி நிற்கின்றது. பின்னர் அவை ஊர்காவற்றுறையை அடைந்து, கோல்கொண்டாவுக்கும் வங்கத்துக்கும் கப்பலேறின. ஐரோப்பியர் அத்துறையைக் கயிட்சு என்று அழைத்ததும், யானை ஏற்றும் கப்பற்றுறை என்று பொருள்படும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்ததே என்பர்.

இவ்வாணிகத்திலும் நிபந்தனைகள் இருந்தன. வன்னியர் தலைவர்கள் ஆண்டுதோறும் திறையாக யானைகளைக் கொடுத்தல் வேண்டும். யானை என்பது அறையில் பூட்டிவைக்கும் பண்டமன்று. விற்கும்வரை நாள்தோறும் தழையும் நீரும் வேண்டும். வறண்ட காலத்தில் குளம் வற்றும். வழியில் நோய் வரும். கடலில் காற்று மாறினால் கப்பல் காத்துக்கிடக்கும். திறை குறைந்தால் அது வன்னியரின் பாக்கி என்று எழுதப்பட்டது. ஆளும் கும்பனியின் கணக்கேடு, பருவத்தால் வந்த குறையைக் கொடுப்போன் தலையிலேயே ஏற்றியது. நயினாதீவுக் கல்லின் விதியோடு இதனை ஒப்பிடுவோர், நூற்றாண்டுகள் செல்லச்செல்ல நிபந்தனைகள் கனிவடைந்தே தீரும் என்று எண்ணமாட்டார்கள்.

அரசரும் கும்பனியும் தத்தம் கணக்கை எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் தீவு மக்கள் என் செய்தனர்? அவர்கள் முதல் வழியை, அஃதாவது சேமிப்பை, நம்பி வாழ்ந்தனர். ஆடி, ஆவணி மாதங்களில் பனம்பழம் விழும். பழத்தின் களியைப் பிழிந்து வெயிலில் உலர்த்திப் பனாட்டாக்கினர். விதைகளை மண்ணிற் பரப்பி மூடினர். மாரி கழியும் வேளையில் கிழங்கு எடுத்து, பிளந்து உலர்த்தி ஒடியலாக்கினர். அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாக்கினர். கடல் அடங்கிய நாளிற் பிடித்த மீன், கடல் கொந்தளிக்கும் நாளுக்குக் கருவாடாயிற்று. ஒடியற் கூழ் என்பது நாவின் சுவைக்காக மட்டும் பிறந்த உணவன்று. தோணி வராத நாளுக்கென ஏற்பட்ட ஏற்பாடுமாகும். நிலத்தடிப் பாறையிலே வாயுவை நிரப்பும் பொறியியலாளரும், கொம்பறையிலே நெல்லையும் குட்டானிலே ஒடியலையும் நிரப்பிய தீவுப் பெண்களும் தீர்த்த கணக்கு ஒன்றே.

இனி நம் காலத்துக்கு வருவோம். வேலணையும் புங்குடுதீவும் இன்று தரைப்பாலங்களால் யாழ்ப்பாணத்தோடு இணைந்துள்ளன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிற் படகேறுதல் வேண்டும். நயினாதீவு கால் மணி நேரப் பயணம்; நெடுந்தீவு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அரிசியும் மருந்தும் சமையல் வாயு உருளையும் இவ்வழியே வருவன. மின்சாரமும் ஒருவகையில் படகேறியே வந்தது. பெருநிலத்து மின்வலையோடு இணையாத இத்தீவுகளில் டீசல் மின்பிறப்பாக்கிகளே விளக்கேற்றின. அவற்றுக்கு வேண்டிய எண்ணெய் கடல்வழியே வந்தது. கடல் பொங்கினால் பிற சரக்கோடு எண்ணெயும் காத்துக்கிடக்கும்.

இதனை மாற்றும் நோக்குடன் 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இந்திய அரசின் 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடையுடன் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் கலப்பு மின்திட்டம் அமைப்பது அதன் பொருள். திட்டத்தின் அளவுகளைக் கேளுங்கள்: சூரிய ஒளியிலிருந்து 1,700 கிலோவாற்று, காற்றிலிருந்து 530 கிலோவாற்று, மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி, இவை போதாத வேளைக்குத் துணையாக 2,500 கிலோவாற்று டீசல் மின்பிறப்பாக்கிகள். சேமிப்பும் மாற்றுப் பொருளும் இதிலே உள்ளன. கலங்களை உடைத்த காற்றே விளக்கேற்றவும் வந்திருக்கின்றது.

ஆயின் மூன்றாவது வழி எங்கே? கடல் பொங்கிப் படகு நிற்கும் நாளில் தோட்டத்து விளைபொருள் சந்தைக்குப் போகாமல் வாடினால் அந்த இழப்பு யாருடையது? கட்டணம் செலுத்திய சரக்கு குறிகட்டுவானிலே மூன்று நாள் கிடந்தால் அந்த மூன்று நாளின் செலவு யாருடையது? பெரும்பாலும் தீவில் இருப்பவனுடையதே. கடலுக்கு அப்பால் வாழ்வதற்கு அவன் தரும் எழுதாத வரி என்று அதனைக் கூறலாம்.

நயினாதீவுக் கல்லை நாம் அளவுக்கு மீறிப் புகழவேண்டுவதில்லை. அது வணிகனுக்கு நட்டஈடு கொடுத்ததன்று. எஞ்சிய பண்டத்தைப் பங்கிட்டதேயாகும். அரசனும் தன் பங்கை விட்டுவிடவில்லை. கலத்தோடு மூழ்கிய மாலுமிகளைப் பற்றி அதிலே ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. ஆயினும் அதனிடத்தே மூன்று பண்புகள் உள்ளன. கலம் உடைந்தபின் வழக்காடாமல், கலம் புறப்படுமுன்னரே விதி அறிவிக்கப்பட்டது. அரண்மனை ஏட்டோடு நில்லாமல், வணிகர் வந்து சேரும் தீவுப் பகுதியிலே அது கல்லில் நாட்டப்பட்டது. பொலனறுவையிலிருந்து ஆண்ட மன்னன், இத்துறையிற் புழங்கிய மக்களுக்கு விளங்கும் மொழியாகிய தமிழிலே அதனை எழுதுவித்தான்.

பொருள் வழங்குவோர் எவராயினும், அது யானையாயினும் எண்ணெயாயினும் மின்சாரமாயினும், வாடிக்கையாளர்க்கு அளிக்கவேண்டிய மரியாதை இம்மூன்றில் அடங்கும். காற்றை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. காற்று வீசும் நாளில் யாருக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டி, உரிய இடத்தில், உரிய மொழியில் சொல்லிவைத்தல் எந்த அரசுக்கும் இயலும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயன்றது இன்றும் இயலக்கூடியதே.